முழு மதிப்பெண் பெற்ற அடிதடி

பெங்களூரில் அடி வாங்குவதற்கு இடத்துக்குப் பஞ்சமில்லை. சிக்னலில் பைக்கை உரசினால் கிடைக்கும். தண்ணீர் லாரி வரும்போது குடத்தை முன்னால் நகர்த்தினால் கிடைக்கும். ஆனால் முன்பதிவு செய்து, அடையாள அட்டையைக் காட்டி, ஏசி அறையில் உட்கார்ந்து வாங்கிக்கொண்டு, அடித்தவருக்கு நன்றியும் சொல்லிவிட்டு வருகிற வசதி ஜோகுபாளையத்தில் ஒரே ஒரு கட்டடத்தில்தான் இருந்தது. கீழே டயர் கடை, முதல் மாடியில் பல் டாக்டர், அதற்கு மேலே ‘அகில கர்நாடக ஸ்பானிஷ் வாய்மொழித் தேர்வு மன்றம்’. அந்தப் பல் டாக்டருக்கு வாடகை எப்படிக் கட்டுப்படியாகிறது என்று யாரும் கேட்டதில்லை.

விவேக் நகர் கில்பர்ட் அந்தப் படிகளில் ஏறியது ஆசைப்பட்டு அல்ல. அவன் மனைவி ஜூடித் வலென்சியாவில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குப் போய் மூன்று வருஷமாகிறது. அந்த இல்லத்திலேயே குழாய், மோட்டார், லிஃப்ட் எல்லாம் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். கில்பர்ட் பொம்மசந்திராவில் வால்வு கம்பெனியில் மெயின்டனன்ஸ் வேலை பார்க்கிறவன். ஜூடித் அவன் பேரைச் சொல்ல, இல்லத்துக்காரர்கள் சரி என்றார்கள். நிபந்தனை இரண்டே இரண்டு. ஸ்பானிஷ் வாய்மொழித் தேர்வில் தேர்ச்சி. ஊர் போலீஸ் கொடுக்கும் நன்னடத்தைச் சான்றிதழ்.

இரண்டாவதைப் பற்றி அவன் கவலைப்படவே இல்லை. கொசுவைக்கூட ‘போ, போ’ என்று கையால் விசிறி அனுப்புகிற ஆசாமி. சர்ச் திருவிழாவில் யாரோ அவன் காலை மிதித்ததற்கு இவன் மன்னிப்புக் கேட்டிருக்கிறான்.

மன்றத்தின் தலைவர் எத்திராஜ். சஃபாரி சூட், சந்தன வாசனை, யாரையும் ‘வாங்க’ என்று கை கூப்பி வரவேற்கிற பண்பு. முதல் நாள் காத்திருந்தவர்களுக்கு அவர் ஒரு சொற்பொழிவு ஆற்றினார்.

“நாங்க கேண்டிடேட்டை அடிக்கறோம்னு வெளியில ஒரு தப்பான பேச்சு இருக்கு. அடின்னா அதுல கோபம் இருக்கணும். எங்க எக்ஸாமினர்களுக்குக் கோபப்பட அனுமதியே கிடையாது. இது ஃபீட்பேக். மத்த போர்டுல நீங்க பண்ண தப்பு ஒரு மாசம் கழிச்சுத் தெரியும். இங்க அந்த நொடியே தெரிஞ்சிடும். இவ்வளவு வெளிப்படையான மதிப்பீடு உலகத்துல வேற எங்க இருக்கு, சொல்லுங்க?”

கட்டுப் போட்ட தலையோடு ஓரமாக உட்கார்ந்திருந்த ஒரு பழைய தேர்வர் கை தட்டினார்.

“இன்னொண்ணு,” என்றார் எத்திராஜ். “நீங்க என்ன சொல்றீங்கன்னு நாங்க கேக்கவே மாட்டோம். எப்படிச் சொல்றீங்கங்கறதுதான் கணக்கு. மொழி வீச்சுக்கு மார்க் உண்டு. துல்லியத்துக்கு மார்க் உண்டு. அர்த்தத்துக்கு எங்க மன்றத்துல மார்க் கிடையாது.”

வீச்சு என்றால் எத்தனை விதமான சொல்லும் வாக்கியமும் கைவசம் இருக்கின்றன என்பது. அதைப் பார்ப்பவர் ஸ்ரீரஞ்சனி. அவர் மடியில் ஒரு தடித்த அகராதி இருக்கும். சொன்ன சொல்லையே திரும்பச் சொன்னால் அது உச்சந்தலையில் இறங்கும். துல்லியம் என்றால் பிழையில்லாமல் பேசுவது. அதைப் பார்ப்பவர் சந்தானம். அவர் கையில் ஸ்டீல் ஸ்கேல். பிழை விட்டால் விரல் முட்டியில் விழும். இருவரும் பரம்பரையாகக் கௌரவமான குடும்பத்தினர். இருவருக்கும் ஒருவரை ஒருவர் கண்டால் ஆகாது. வீச்சு காட்டுகிறவர்களால்தான் மொழி கெடுகிறது என்பது சந்தானத்தின் கட்சி. துல்லியக்காரர்களால்தான் உலகம் ஊமையாகிறது என்பது ஸ்ரீரஞ்சனியின் கட்சி. தேர்வர்கள் நடுவில் உட்கார்ந்திருப்பார்கள்.

முதல் தேர்வில் கில்பர்ட் உற்சாகமாகப் பேசினான். வீட்டைப் பற்றிச் சொல்லச் சொன்னதும், பரணை என் கையாலேயே செய்தேன் என்று ஆரம்பித்தான். ஸ்பானிஷில் கை பெண்பால். கில்பர்ட் அதை ஆண்பாலாக்கிவிட்டான். சந்தானம் ஸ்கேலை நட்டுக்குத்தாகப் பிடித்து அதே கையில் இறக்கினார்.

“ஐயோ!”

“பதட்டப்படாதீங்கோ. மேல சொல்லுங்கோ,” என்றார் சந்தானம் பரிவாக.

மேலே சொன்னான். மேலே மேலே விழுந்தது. வெளியே வந்தபோது சுண்டு விரல் நகம் அவன் சட்டைப் பையில் இருந்தது. வீச்சு நன்று, துல்லியம் போதாது, தோல்வி.

இரண்டாம் தேர்வுக்கு உஷாராகப் போனான். தெரிந்த வாக்கியத்தை விட்டு வெளியே ஓர் அடி எடுத்து வைக்கவில்லை. இது என் வீடு. வீடு நன்றாக இருக்கிறது. என் மனைவி நன்றாக இருக்கிறாள். சாப்பாடு நன்றாக இருக்கிறது. சந்தானம் கண்ணை மூடிச் சங்கீதம் கேட்பதுபோல் தலையாட்டினார். அகராதி உச்சியில் விழுந்ததில் கில்பர்ட் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

“இன்னொரு தடவை ‘நன்றாக’ வந்ததுன்னா, அடுத்த வால்யூமை எடுப்பேன்,” என்றார் ஸ்ரீரஞ்சனி. வந்தது. எடுத்தார். துல்லியம் மிக நன்று, வீச்சு போதாது, தோல்வி.

அன்று சாயங்காலம் ஜூடித் போனில் பார்த்துவிட்டு, “என்னப்பா நெத்தியில?” என்றாள்.

“எக்ஸாம்.”

“என்ன பேஜாருப்பா இது! நான் இங்க வந்தப்ப ஒரு வார்த்தை தெரியாது. தாத்தாங்க திட்டினாங்க, நான் திருப்பித் திட்டினேன், வந்துடுச்சு. சும்மா மனசுல இருக்கறதைப் பேசிட்டு வா.”

“மனசுல இருக்கறதுக்கு மார்க் இல்ல ஜூடி. எத்திராஜ் சார் தெளிவா சொல்லிட்டாரு.”

மூன்றாம் தேர்வுக்குள் மன்றம் சீர்திருத்தம் செய்துவிட்டது. தேர்வில் ஒரு சூழ்நிலை அட்டை கொடுப்பார்கள். ‘நீங்கள் வெளியூரில் திருடர்களால் தாக்கப்பட்டீர்கள். போலீஸிடம் விவரியுங்கள்’ என்று கில்பர்ட்டுக்கு வந்தது. படித்து முடித்து நிமிர்வதற்குள் இரண்டு தடியன்கள் உள்ளே வந்தார்கள். ஒருவன் கழுத்தைப் பிடித்தான், மற்றவன் வயிற்றில் குத்தினான். கையை முதுகுப் பக்கம் முறுக்கி, பர்ஸை உருவி, முட்டியால் இடித்து, படியில் உருட்டிவிட்டார்கள். முதல் மாடியில் பல் டாக்டர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தயாராக நின்றார்.

கில்பர்ட் தவழ்ந்து மேலே வந்தான். எத்திராஜ் கை கொடுத்து நாற்காலியில் உட்கார்த்தி விளக்கினார்.

“முன்னெல்லாம் ‘கற்பனை செய்துகொள்ளுங்கள்’னு சொல்வோம். வேலைக்குப் போற ஜனங்களுக்குக் கற்பனை பண்ண நேரம் ஏது? வசதியானவங்க மட்டும் நல்லாக் கற்பனை பண்ணி மார்க் வாங்கிட்டிருந்தாங்க. இப்ப எல்லாருக்கும் சமமான அடி. இதுதான் சமூக நீதி. விவரியுங்க.”

“என்னை அடித்தார்கள்,” என்றான் கில்பர்ட் ஸ்பானிஷில். “பர்ஸை எடுத்தார்கள். மீண்டும் அடித்தார்கள். வலிக்கிறது.”

ஒரு பிழையில்லை. அகராதி விழுந்தது. எத்திராஜின் முகம் வாடிப்போனது.

“கில்பர்ட், அந்தப் பசங்க குத்தினாங்க, முறுக்கினாங்க, இடிச்சாங்க, உருட்டினாங்க. உங்களுக்காக எவ்வளவு வெரைட்டியா பண்ணாங்க! நீங்க எல்லாத்தையும் ‘அடித்தார்கள்’னு ஒரே வார்த்தையில முடிச்சிட்டீங்களே. அவங்க உழைப்புக்கு ஒரு மரியாதை வேண்டாமா?”

கில்பர்ட் மன்னிப்புக் கேட்டான். மன்னிப்பிலும் ஒரு பிழை இருந்தது. ஸ்கேலும் விழுந்தது.

அப்போதுதான் யாரோ சொல்லி ரக்ஷாவிடம் போய்ச் சேர்ந்தான். அவளும் அந்தப் படிகளில் உருண்டு தேறியவள்தான். வளைந்த இரண்டு விரல்களோடு கரும்பலகையில் எழுதுவாள். அவள் கோச்சிங்கில் ஸ்பானிஷ் சொல்லித் தருவதில்லை, தேர்வைத்தான் சொல்லித் தருவாள்.

“மூணே மூணு தங்க வாக்கியம்,” என்றாள். “எல்லாக் கஷ்டமான வினைமுற்றும் இதுக்குள்ள அடங்கிடும். தலைப்பு எதுன்னாலும் கடைசியில இதைக் கொண்டுபோய்ச் சொருகுங்க. துல்லியமும் இருக்கும், வீச்சும் இருக்கும்.”

வாக்கியங்கள் இவை. ‘இதைச் செய்ய வேண்டும் என்று நான் வெகு நாட்களாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். முன்பே வாய்ப்புக் கிடைத்திருந்தால் இதைவிடச் சிறப்பாகச் செய்திருப்பேன். வாழ்க்கையில் ஒருமுறையாவது எல்லோரும் இதைச் செய்து பார்க்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.’

“நீச்சல், சமையல், மரம் நடறது, எல்லாத்துக்கும் பொருந்தும்,” என்றாள் ரக்ஷா.

“எதுக்கு மேடம் பொருந்தாது?”

“பொருந்தாத தலைப்பே கிடையாது. எனக்கு ‘மரணம்’னு வந்தது. இதைத்தான் சொன்னேன். பாஸ்.”

வினைச்சொற்களையெல்லாம் ‘நான்’ என்று தொடங்கியே உருப்போடச் சொன்னாள். அவன், அவள், அவர்கள் என்று போனால்தான் தடுமாறும், எதற்கு வம்பு? கில்பர்ட் கம்பெனி பஸ்ஸில் ஓசூர் ரோடு நெரிசல் முழுவதும் முணுமுணுத்துக்கொண்டே போனான். நான் குத்தினேன், நான் முறுக்கினேன், நான் நொறுக்கினேன். எத்திராஜ் சார் வருத்தப்பட்டது அவன் மனதில் தைத்திருந்தது. பக்கத்து சீட்டுக்காரர் இரண்டு நாளில் இடம் மாறி உட்கார்ந்துகொண்டார்.

நான்காம் தேர்வுதான் கடைசி. அதற்குமேல் காத்திருக்க முடியாது, வேறு ஆளை வைத்துக்கொள்கிறோம் என்று வலென்சியாவிலிருந்து சொல்லிவிட்டார்கள். ஜூடித் அவனுக்காகக் கட்டில் வாங்கிப் போட்டிருந்தாள்.

அவனுக்கு வந்த தலைப்பு ‘அமைதி’.

மேஜையில் ஒலிப்பதிவுக் கருவியின் சிவப்பு விளக்கு எரிந்தது. ஒலிப்பதிவு ஓடும்போது யாரும் உள்ளே வரக் கூடாது என்பது விதி. கில்பர்ட் மெதுவாக, தவறில்லாமல் பேசிக்கொண்டு போனான். ஸ்ரீரஞ்சனியின் கை அகராதியின் மேல் அசைவதைப் பார்த்ததும் பயத்தில் ஒரு புதுச் சொல்லை எடுத்து விட்டான். ஜூடித் அந்த இல்லத்துக் கிழவர்களிடம் கற்று அவனுக்குச் சொன்ன சொல். மனசு ஆறி உட்கார்வதற்கு அந்த ஊர்ப்பக்கம் அப்படிச் சொல்வார்கள்.

“ஆகா!” என்றார் ஸ்ரீரஞ்சனி. “என்ன வீச்சு!”

“பிழை,” என்று ஸ்கேலை ஓங்கினார் சந்தானம். “நம்ம பாடத்திட்டத்துலயே இல்லாத வார்த்தை.”

“அது என் மார்க். அதை நீங்க எப்படி அடிக்கலாம்?” என்று அகராதியைக் குறுக்கே நீட்டினார் ஸ்ரீரஞ்சனி.

ஸ்கேல் அவர் மணிக்கட்டில் பட்டது. அவ்வளவுதான். அகராதி சந்தானத்தின் காதில் அறைந்தது. மூக்குக் கண்ணாடி பறந்து சுவரில் மோதியது. ஸ்கேலின் விளிம்பு ஸ்ரீரஞ்சனியின் புருவத்தைக் கிழித்து ரத்தம் கண்ணில் இறங்கியது. அவர் அகராதியை இரண்டு கையாலும் பிடித்து, துணி துவைக்கிற வாகில், சந்தானத்தின் தோளிலும் முதுகிலும் மாறி மாறிச் சாத்தினார். இத்தனை வருஷம் தேர்வர்களின் மேல் வைத்துத் தீர்த்துக்கொண்ட பகை இப்போது நேராகவே புழங்கியது. இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. வாயைத் திறந்தால் மற்றவர் மதிப்பெண் போட்டுவிடுவாரோ என்ற பயம்.

“சார், அம்மா, விடுங்க! ரத்தம் வருது!” என்று கில்பர்ட் நடுவில் புகுந்தான்.

இருவரும் சண்டையை நிறுத்தினார்கள். தேர்வறையில் தமிழ் பேசியதற்காக ஆளுக்கு ஒன்று அவனை அடித்துவிட்டுத் திரும்பவும் ஆரம்பித்தார்கள்.

கில்பர்ட் அகராதியைப் பிடித்துக்கொண்டான். ஸ்ரீரஞ்சனி இழுத்தார், இவனும் இழுத்தான். ரத்தத்தில் வழுக்கி அவர் பிடி சட்டென்று நழுவ, அகராதி அவன் கையோடு சுழன்று சந்தானத்தின் தாடையில் போய் இடித்தது. தாடை ஒரு பக்கமாகக் கழன்று தொங்கியது. சந்தானம் சாய்ந்தார், மேஜை அவரோடு சாய்ந்தது, அதன் விளிம்பு ஸ்ரீரஞ்சனியின் வலது கையின் மேல் விழுந்தது. முருங்கைக் கிளை முறிகிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. தரையில் கிடந்த கருவியில் சிவப்பு விளக்கு அப்படியே எரிந்துகொண்டிருந்தது.

கதவு இடுக்கில் எத்திராஜின் தலை தெரிந்தது. கீழே கிடந்த இருவரையும் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“கடைசி ஒரு நிமிஷம். கேண்டிடேட் இப்ப நடந்ததைச் சுருக்கமா விவரிச்சு, தன் கருத்தைச் சொல்லி முடிக்கலாம்.”

“சார், ஆம்புலன்ஸ்…”

“ஸ்பானிஷ்ல, ப்ளீஸ். இப்ப நிறுத்தினா ஜீரோ.”

கில்பர்ட்டுக்குக் கட்டில் நினைவு வந்தது. கீழே பார்த்தான். ஸ்கேல் ஒரு மூலையில் கிடந்தது, அகராதி அவன் கையிலேயே இருந்தது. அவனை அடிக்க அந்த அறையில் யாருக்கும் தெம்பில்லை. அவன் வாய் தானாகத் திறந்தது.

அப்படி ஒரு ஸ்பானிஷ் அந்த மாடியில் அதுவரை யாரும் கேட்டதில்லை. நான் பறித்தேன், நான் சுழற்றினேன், நான் தாடையை நொறுக்கினேன், நான் மேஜையைச் சாய்த்தேன், நான் கையை முறித்தேன் என்று ஒரு வினைச்சொல்லைத் திரும்பச் சொல்லாமல் விவரித்தான். பால், எண், காலம் எல்லாம் வரிசையில் நின்றன. கடைசியாக மூன்று தங்க வாக்கியங்களையும் நிறுத்தி, ஏற்ற இறக்கத்தோடு, சிவப்பு விளக்கைப் பார்த்துச் சொல்லி முடித்தான்.

மணி அடித்தது. ஸ்ரீரஞ்சனி தரையில் கிடந்தபடி இடது கையால் வீச்சுக்கு முழு மதிப்பெண் போட்டார். சந்தானம் தாடையை ஒரு கையில் ஏந்திக்கொண்டு ஒரு பிழையாவது இருந்ததா என்று யோசித்துப் பார்த்தார். இல்லை. அவர் கண்ணில் நீர் வந்தது. அவரும் முழு மதிப்பெண் போட்டார். அவர்களிடம் என்ன குறை இருந்தாலும் நேர்மை இருந்தது. அதன் பிறகுதான் ஆம்புலன்ஸ் வந்தது.

முடிவு தெரிந்ததும் ஜூடித் போனிலேயே கத்தினாள், சிரித்தாள், புதுத் தலையணை வாங்கியிருக்கிறேன் என்றாள். மிச்சம் இருந்தது நன்னடத்தைச் சான்றிதழ் ஒன்றுதான். கில்பர்ட் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனான். இன்ஸ்பெக்டர் மஞ்சுநாத் அவனை உட்காரச் சொல்லிவிட்டு, மேஜையிலிருந்த கட்டைப் பிரித்தார்.

“பன்னி பன்னி,” என்று கன்னடத்தில் வரவேற்றார். “நானே ஆள் அனுப்பலாம்னு இருந்தேன். உம்மேல கம்ப்ளெய்ன்ட் இருக்கு. ரெண்டு பேருக்குக் கொடுங்காயம்.”

“சார், அது கை தவறிப் பட்டது. நான் விலக்கிவிடத்தான் போனேன்.”

“ஹௌதா, அப்படியா? அப்ப இது என்னப்பா?” மஞ்சுநாத் தேர்வு ஒலிப்பதிவின் கன்னட மொழிபெயர்ப்பைத் தூக்கிப் பிடித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே போனார். “‘நான் தாடையை நொறுக்கினேன். நான் கையை முறித்தேன். வெகு நாளாவே யோசிச்சுக்கிட்டிருந்தேன். முன்பே சான்ஸ் கெடச்சிருந்தா இன்னும் சிறப்பாச் செஞ்சிருப்பேன்.’ சிவ சிவா! இருபது வருஷ சர்வீஸ்ல ரௌடிங்ககிட்டகூட இப்படி ஒரு ஸ்டேட்மென்ட் நான் வாங்கினதில்லை. அப்புறம், எல்லாரும் ஒருமுறையாவது செஞ்சு பாக்கணுமா?”

“அது மரம் நடறதுக்கும் வரும் சார்.”

“ஏன்ப்பா, ‘தெரியாம நடந்துடுச்சு’ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

“அது ஆரம்ப நிலை வாக்கியம் சார்,” என்றான் கில்பர்ட் தலைகுனிந்து. “மார்க் கிடையாது.”

எத்திராஜ் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். மொழிபெயர்ப்புக்கு முத்திரை வைக்க வந்திருந்தார். கில்பர்ட்டைப் பார்த்ததும் எழுந்து கட்டிக்கொண்டார்.

“மன்றத்துக்கே பெருமை சேர்த்துட்டீங்க, கில்பர்ட்!”

“சார், நீங்கதானே சொன்னீங்க, அர்த்தத்துக்கு மார்க் இல்லைன்னு. நீங்களாவது சொல்லுங்க சார், நான் அந்த அர்த்தத்துல சொல்லலைன்னு.”

“எப்படிச் சொல்றது? நான் அர்த்தத்தைக் கவனிக்கவே இல்லையே,” என்றார் எத்திராஜ் உண்மையான வருத்தத்தோடு. “மதிப்பீடு வேற, கேஸ் வேற. கோர்ட்ல கேட்டா ஒண்ணு மட்டும் அடிச்சுச் சொல்வேன். இவர் வாயிலேர்ந்து வந்ததுல ஒரு சின்னப் பிழைகூடக் கிடையாது.”

சான்றிதழ் கிடைக்கவில்லை. வேலை இன்னொருவருக்குப் போனது. மன்றம் அந்த ஒலிப்பதிவை ‘மாதிரி விடை’ என்று தன் தளத்தில் எல்லோரும் கேட்கும்படி ஏற்றிவைத்தது. வாரா வாரம் கையெழுத்துப் போட ஸ்டேஷனுக்குப் போகிற வழியில், ரக்ஷாவின் கோச்சிங் ஜன்னலில் அவன் குரலையே போட்டுக் காட்டுவது கேட்கும். பிள்ளைகள் சேர்ந்து சொல்லிப் பழகுவார்கள். நான் நொறுக்கினேன், நான் முறித்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தபோது ஜூடித் அழைத்தாள்.

“அந்த ரெக்கார்டிங்கைக் கேட்டேன்ப்பா,” என்றாள். “எங்க தாத்தாங்களுக்கும் போட்டுக் காட்டினேன். இந்த ஊர்க்காரன் மாதிரியே பேசறான்னாங்க. ஒருத்தர் பயந்துபோய் ரூம் கதவைச் சாத்திக்கிட்டாரு.”

“அது ரக்ஷா மேடம் குடுத்த வாக்கியம் ஜூடி.”

“தெரியும். எறும்பை மிதிக்காம ஒதுங்கிப் போற ஆளு நீ. ஆனா அந்தக் குரலைக் கேக்கறப்ப… ஒரு இடத்துலகூட தடுமாறலையே நீ. எங்கிட்ட கல்யாணத்துக்குக் கேட்டப்பகூட அவ்வளவு திக்கினியே. உண்மையைச் சொல்லு. யோசிச்சு வெச்சுத்தான் அடிச்சியா?”

“இ… இல்ல ஜூடி. கை… கை தவறி, சத்தியமா, அந்த புக்கு வழுக்கி… நான் விலக்கி விடத்தான்… ஆண்டவர் மேல ஆணையா…”

அவன் திக்கித் திணறி, சொன்னதையே நாலு தடவை சொல்லி, எங்கேயும் போய்ச் சேராமல் நின்றான். அந்தப் பக்கம் ஜூடித் அழுவது கேட்டது.

“போதும்ப்பா,” என்றாள். “இப்ப நம்பறேன்.”

அவள் நம்பினாள். கட்டிலை என்ன செய்வது என்று மட்டும் அவளுக்கும் தெரியவில்லை, அவனுக்கும் தெரியவில்லை.